அண்ணலின் இல்லத்தைத் தாங்கிய கைகள்

அண்ணல் அம்பேத்கரின் பெயரை அறியாத வீடு வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழும் நம் மக்களிடையே இல்லை. அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் அவர் என்பதும், சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட அமைச்சர் என்பதும், கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று உயர் பட்டங்கள் பெற்றவர் என்பதும் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லக்கூடிய செய்திகள். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று மாலையிட்டு நாம் வணங்கும் உருவம், நீல நிறக் கோட்டும் கையில் நூலும் உடைய முழு வளர்ச்சி பெற்ற பேரறிஞரின் உருவம். அவ்வுருவத்திற்குள் தாயை இழந்த சிறுவன் ஒருவன் இருக்கிறான். அவனோடு அண்ணன்மாரும் அக்காள்மாரும் இருக்கின்றனர். வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலருக்குக் கட்டுரை வேண்டுமெனச் செயற்குழுவினர் கேட்டபோது, பட்டங்களையும் பதவிகளையும் விடுத்து அந்த வீட்டைப் பற்றி எழுதுவதே தக்கது என்று எனக்குப் பட்டது.

அண்ணல் 1891 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள், மத்திய இந்தியாவில் உள்ள மகூ என்னும் படைக் குடியிருப்பில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி மாலோஜி சக்பால் படையில் சுபேதார். படைவீரர்க்கான பள்ளியில் தலைமையாசிரியராகவும் பணிபுரிந்தவர். தாயார் பீமாபாய். அவர்களுக்குப் பிறந்த 14 பிள்ளைகளுள் கடைசிப் பிள்ளை பீமராவ். பதினான்கில் பெரும்பகுதியை மண்ணுக்குக் கொடுத்துவிட்ட குடும்பம் அது. எஞ்சியவர்களுள் பலராம், ஆனந்தராவ் என்ற அண்ணன்மார் இருவரும், மஞ்சுளா, துளசி என்ற அக்காள்மார் இருவரும் பீமராவின் இளமைக் கதையில் மீண்டும் மீண்டும் வருகின்றனர்.

தந்தையார் ஓய்வு பெற்றபின் குடும்பம் கொங்கணப் பகுதியிலுள்ள தபோலியில் சில காலம் தங்கி, பின்னர்ச் சதாராவுக்குப் பெயர்ந்தது. சதாராவில்தான் 1896 ஆம் ஆண்டு பீமாபாய் இறந்தார். பீமராவுக்கு அப்போது ஏறத்தாழ ஐந்து வயது. தாயின் முகம் நினைவில் நிற்குமா நிற்காதா என்ற வயது அது.

நம் ஊர்ப்புறங்களில் சாவு வீட்டில் அடுப்பு எரிவதில்லை. பங்காளிகளும் அண்டை வீட்டாரும் சோறாக்கிக் கொணர்வர். பதினாறாம் நாள் கருமாதி முடியும் வரை வீடு நிறைய ஆள் இருக்கும். பதினேழாம் நாள் விடியும்போது அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி. சதாராவில் அந்தப் பதினேழாம் நாள் வீட்டில் இருந்தவர் தந்தையின் தமக்கை மீராபாய். அவர் குள்ளமான உருவினர். கால்களில் குறைபாடு உடையவர். பிறர் துணையின்றி நடப்பதே அவருக்கு அரிது. சில வேளைகளில் அவரைத் தூக்கித்தான் அமர்த்த வேண்டும். தன்னைத் தாங்கவே இன்னொருவரை நாடிய அந்த அத்தைதான் தாயற்ற பிள்ளைகளைத் தாங்கினார். கடைசிப் பிள்ளையான பீமராவ் அவருடைய அரவணைப்பிலேயே வளர்ந்தார். தாம் அறிந்தவர்களுள் அவரைப் போன்ற அன்புள்ளம் வேறில்லை என்ற கருத்தைப் பிற்காலத்தில் அண்ணல் எழுதிவைத்தார்.

அக்குடும்பத்தின் மாலை நேரத்தைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். இராம்ஜி கபீர் நெறியைப் பின்பற்றியவர். இரவு எட்டு மணிக்குப் பிள்ளைகள் அனைவரும் வழிபாட்டிற்கு வந்து அமர்ந்தாக வேண்டும். அக்காள்மார் பக்திப் பாடல்களைப் பாடுவர். தந்தையார் இதிகாசங்களைப் படித்துக் காட்டுவார். தமக்கையரின் குரலினிமை தம் உள்ளத்தைத் தொட்டதைப் பல்லாண்டு கழித்தும் அண்ணல் மறக்கவில்லை. தாயின் குரல் ஓய்ந்த வீட்டில் தமக்கையரின் குரல் ஒலித்தது.

இன்னொரு செய்தி. சதாராவில் துணி வெளுப்போர் இருந்தனர். முடி திருத்துவோரும் இருந்தனர். பணம் கொடுத்தாலும் தீண்டப்படாத குடும்பத்துப் பிள்ளையின் தலையில் கத்தி வைக்க அவர்களுள் ஒருவரும் இசையவில்லை. அதனால் வீட்டிலிருந்த பையன்கள் அனைவருக்கும் முடி வெட்டும் வேலையை மூத்த தமக்கை ஏற்றுக்கொண்டார். பழகிப் பழகி அதில் தேர்ந்தவராகவே ஆகிவிட்டார். பிற்காலத்தில் உலகம் கண்ட அந்த அகன்ற நெற்றியை முதலில் ஒழுங்குபடுத்தியது ஓர் அக்காளின் கத்தரிக்கோல். ஊர் மறுத்ததை உடன்பிறந்தாள் கொடுத்தாள். அந்தக் குடும்பத்தின் கதை முழுவதும் இந்த ஒரு தொடரில் அடங்கும் என்றுகூடச் சொல்லலாம்.

வறட்சியும் பஞ்சமும் சதாரா மாவட்டத்தை வாட்டிய காலத்தில், பஞ்சத்தில் வாடியோர்க்கு வேலை கொடுப்பதற்காக அரசு கட்டாவ் தாலுக்காவிலுள்ள கோரேகாவ்ன் என்னுமிடத்தில் குளம் வெட்டத் தொடங்கியது. இராம்ஜி அங்குக் காசாளராகச் சென்றார். பிள்ளைகளை அழைத்துச் செல்ல இயலவில்லை. பீமராவையும், அவருடைய அண்ணனையும், இறந்துபோன மூத்த தமக்கையின் பிள்ளைகள் இருவரையும் அத்தையின் பொறுப்பிலும், இரக்கமுள்ள சில அண்டை வீட்டாரின் பொறுப்பிலும் விட்டுச் சென்றார். மற்றத் தமக்கையர் மணமாகித் தொலைவில் இருந்தனர். அத்தையால் சமைக்க இயலாது. ஆகவே நான்கு சிறுவர்களும் பள்ளிக்கும் சென்றனர், சோறும் ஆக்கிக்கொண்டனர். ரொட்டி சுடும் கைப்பக்குவம் அவர்களுக்கு வரவில்லை. அரிசியையும் இறைச்சியையும் ஒன்றாகப் போட்டு வேகவைப்பது எளிதாயிருந்ததால் நாள்தோறும் புலாவே உணவாயிற்று.

இளைஞர்களே, இக்காட்சியைச் சற்று நின்று பாருங்கள். தாயில்லை, தந்தை வேற்றூரில், அத்தையோ எழுந்து நடமாட இயலாதவர். பத்து வயதை ஒட்டிய பிள்ளைகள் அடுப்பு மூட்டிச் சமைத்துண்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போகின்றனர். பள்ளியில் என்ன காத்திருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 1900 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் நாள் சதாரா அரசுப் பள்ளியில் சேர்ந்த பீமராவ், தாம் உட்காருவதற்கான சாக்கைத் தாமே கொண்டுசெல்ல வேண்டும். மாலையில் எடுத்துவர வேண்டும். குழாயைத் தாமே திறந்து நீர் குடிக்கலாகாது; பள்ளிச் சேவகன் வந்து திறந்துவிட்டால்தான் நீர். சேவகன் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். தாயற்ற பிள்ளைக்கு வீட்டில் ஒரு குறை. பள்ளியில் நூறு குறை. முதற் குறையை அத்தையும் தமக்கையும் அண்டை வீட்டாரும் தம்மால் இயன்ற அளவு நிரப்பினர். இரண்டாவதை நிரப்ப யாருமில்லை. அல்லது ஓரிருவர் இருந்தனர் எனச் சொல்வதே நேர்மை. நண்பகலில் தம் உணவில் ஒரு பகுதியை நாள்தோறும் இச்சிறுவனுக்குக் கொடுத்த அந்தண ஆசிரியர் ஒருவர் அப்பள்ளியில் இருந்தார். பின்னாளில் அவர் தம்மைக் காண வந்தபோது அண்ணல் உள்ளம் நெகிழ்ந்து வரவேற்றார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு இச்செய்தி ஒரு தனி ஆறுதல் தருகிறது.

1901 ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நிகழ்ந்த பயணம் பலரும் அறிந்தது. ஆயினும் தாயற்ற பிள்ளைகளின் கதையாக அதைப் பார்த்தவர் சிலரே. பணியிடத்தை விட்டு வர இயலாத தந்தை, விடுமுறையைத் தம்மோடு கழிக்க வருமாறு கடிதம் எழுதினார். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. புதுச் சட்டைகள், பளபளக்கும் தொப்பிகள், புதுச் செருப்புகள், பட்டுக்கரை வேட்டிகள் எல்லாம் ஆயத்தமாயின. வழிக்கு உணவு கட்டப்பட்டது. பிள்ளைகள் புறப்பட்ட வேளையில் அத்தை துயரம் தாளாது சாய்ந்துவிட்டார். தொடர்வண்டி நிலையத்தில் அண்ணன் பயணச்சீட்டு வாங்கினான்; சிறியவர்களுக்குக் கைச்செலவுக்கு ஆளுக்கு இரண்டணா கொடுத்தான். அவர்கள் அதில் எலுமிச்சைப் பானம் வாங்கிக் குடித்தனர். அந்த இரண்டணாவைக் கொடுத்தபோது அண்ணன் தந்தையின் இடத்தில் நின்றான் என்பது வெளிப்படை.

மாசூர் நிலையத்தில் இறங்கியபோது அழைத்துச் செல்ல யாரும் வரவில்லை. தந்தை அனுப்பிய வேலையாளைக் காணோம். நன்கு உடுத்திய பிள்ளைகளைக் கண்டு பரிவோடு அணுகிய நிலைய அதிகாரி, அவர்கள் மகார் சாதியினர் என்று அறிந்ததும் முகம் மாறினார். வண்டிக்காரர் பலர் இருந்தும் ஒருவரும் ஏற்றவில்லை. இறுதியில் ஒருவன், இரட்டிப்புக் கூலியும் வேண்டும், வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், தான் நடந்துவருவேன் என்ற உடன்பாட்டின் பேரில் வந்தான். வழியில் உணவு இருந்தது. குடிக்க நீர் இல்லை. கண்ணில்பட்ட நீரோ மாடுகள் கலக்கிச் சாணமும் சிறுநீரும் கலந்த சேறு. இரவில் சுங்கச் சாவடியில் தம்மை இசுலாமியர் எனச் சொல்லிக் கேட்டும் ஒரு வாய் நீர் கிடைக்கவில்லை. வண்டியிலேயே இரவைக் கழித்து மறுநாள் கோரேகாவ்ன் சேர்ந்தனர். பிள்ளைகள் வருவதாக எழுதிய கடிதத்தைத் தந்தையிடம் சேர்க்காமல் அவருடைய வேலையாள் விட்டுவிட்டான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

வீட்டின் வாசலுக்குள் அத்தையின் கண்ணீர். அண்டை வீட்டாரின் பரிவு. வாசலைத் தாண்டிய பத்தாவது மைலில் ஒரு குவளை நீருக்கும் வழியில்லை. சமூகத்தின் அன்பு எவ்வளவு தூரம் எட்டும், எந்த எல்லையில் நின்றுவிடும் என்பதை அந்தச் சிறுவன் ஒரே நாளில் கற்றுக்கொண்டான். அன்பு வேண்டும், அன்பு மட்டும் போதாது, எட்டாத இடத்திற்கும் எட்டக்கூடிய உரிமையும் அமைப்பும் வேண்டும். அவருடைய பிற்கால வாழ்வு முழுவதற்கும் வித்து இங்கேதான் விழுந்தது என்பது என் துணிபு. மகாத் குளத்து நீருக்காக 1927 ஆம் ஆண்டு மார்ச் 20 ஆம் நாள் அவர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிச் சென்றபோது, மாசூர்ச் சாலையில் நீரின்றித் தவித்த பிள்ளைகளும் அவருடன் நடந்தனர் என்று எண்ணுவதில் தவறில்லை.

இராம்ஜி மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னையைப் பீமராவின் உள்ளம் ஏற்கவில்லை. தந்தையின் ஆதரவில் வாழவே கூடாது என்று முடிவு செய்து, பம்பாய் ஆலைகளில் வேலை தேடிப் போய்விடத் திட்டமிட்டார். வழிச்செலவுக்குப் பணம் வேண்டும். இரவில் அத்தையின் அருகில் படுப்பவர் ஆதலால், அவர் இடுப்பில் செருகியிருந்த பணப்பையை எடுக்க மூன்று இரவுகள் முயன்றார். நான்காம் இரவு பை கைக்கு வந்தது. உள்ளே இருந்தது அரையணா.

அந்த அரையணா அவரை மாற்றிற்று. ஓடிப்போகும் எண்ணத்தை விட்டுவிட்டார்; விரைவாகப் படித்துத் தம் காலில் நிற்பதென்று உறுதிகொண்டார். அவரைத் தடுத்தது நாணமா, அச்சமா என்று ஆராய்வார் ஆராயட்டும். தன்னை வளர்க்கும் அத்தையின் உடைமை முழுவதும் அரையணாதான் என்று கண்ணால் கண்டறிந்த பிள்ளைக்கு வேறு அறிவுரை வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் கதையைச் சற்று நிறுத்தி நம் ஊருக்கு வருவோம். முப்பதாண்டுக்கு மேல் வருகைப் பதிவேட்டோடு பழகியவன் நான். ஒரு வீட்டில் தாயோ தந்தையோ இறந்தால் அதைப் பதிவேடும் சொல்லும். முதல் பதினைந்து நாள் வராமை இயல்பு. அதன்பின் இளைய பிள்ளைகள் வருவர், மூத்தது வராது. மூத்தது பெண்ணாயின் தம்பி தங்கையர்க்குச் சோறாக்கும். ஆணாயின் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ கொத்தனாருக்குக் கையாளாகவோ போகும். உதவித்தொகை உண்டு, ஆதிதிராவிடர் நலத்துறை உண்டு, விடுதியும் உண்டு. ஆனால் சாதிச் சான்றிதழுக்கும் இருப்பிடச் சான்றிதழுக்கும் இறந்துபோன தந்தையின் தாள்களைத் தேடி எடுத்து, படிவம் நிரப்பி, அலுவலகத்திற்கு மும்முறை நடப்பதற்கு அந்தப் பிள்ளைகளுக்கு ஆள் இல்லை. கருமாதிக்கு மொய் எழுதிய கைகள் அந்தப் படிவத்தையும் எழுதியிருந்தால் எத்தனை பிள்ளைகள் பத்தாம் வகுப்பைக் கடந்திருப்பர்! நம் கழகம் இதைச் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து சில பெயர்களேனும் பதிவேட்டில் அடிபடாமல் நின்றன என்பதை நான் அறிவேன். அப்பிள்ளைகளின் பெயர்களை இங்கு எழுதுதல் முறையன்று.

மீண்டும் இராம்ஜியின் குடும்பத்திற்குச் செல்வோம். 1904 வாக்கில் குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்து பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறையில் தங்கியது. சமையலும் படுக்கையும் படிப்பும் அந்த ஓர் அறையிலேயே. எல்லாரும் காலை நீட்டிப் படுக்க இடமில்லை. முன்னிரவில் பீமராவ் உறங்குவார், தந்தை விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் தந்தை படுப்பார். மகன் விளக்கொளியில் விடியும்வரை படிப்பார். இரண்டு பிள்ளைகளையும் உயர்நிலைப் பள்ளியில் படிக்கவைக்க ஓய்வூதியம் போதவில்லை. ஆனந்தராவ் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குச் சென்றார். தம்பி எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் தொடர்ந்தார்.

ஆனந்தராவுக்குச் சிலை கிடையாது. அவர் தொடர்ந்து படித்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்பதை யாரும் சொல்ல இயலாது. ஒரு குடும்பத்தில் ஒருவர் ஏறுவதற்கு இன்னொருவர் ஏணியாகக் குனிய நேர்வது வறுமை வகுத்த கொடிய கணக்கு. இதைத் தியாகம் என்று போற்றுவது எளிது. அத்தகைய தியாகம் தேவைப்படாத நிலையை உண்டாக்குவதே கல்விக் கழகங்களின் வேலை.

பீமராவுக்குப் புதுப் புத்தகங்கள் மீது தீராத ஆசை. மகன் கேட்ட நூலை வாங்கக் கையில் காசில்லாதபோது இராம்ஜி என்ன செய்தார் தெரியுமா? மணமாகிப் பம்பாயிலேயே வாழ்ந்த இளைய மகளின் வீட்டிற்கு நடந்துசென்று மூன்று நான்கு ரூபாய் கடன் கேட்பார். அவளிடம் இல்லையெனில் மற்ற மகளிடம் செல்வார். அவள் தன் நகை ஒன்றைக் கழற்றித் தருவாள். அதை அடகுக் கடையில் வைத்து நூல் வாங்கி வருவார். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டு மகளிடம் சேர்ப்பார். அடுத்த நூலுக்கு மறுபடியும் அதே நடை. அண்ணலின் தனி நூலகம் பிற்காலத்தில் உலகறிந்த ஒன்றாயிற்று. தாதரில் அவர் கட்டிய இராஜகிருகம் என்னும் இல்லமே நூல்களை வைக்கத் திட்டமிட்டுக் கட்டப்பட்டதுதான். அந்நூலகத்தின் அடிக்கல் அக்காள்மாரின் நகைகள்.

நம் பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு வித்தியாஸ்தானம் இருந்தது என்றும், பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டன என்றும் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. பெருமைக்குரிய செய்தியே. ஆயினும் அந்த மூன்று ஊர் வயல்களிலும் சேற்றில் இறங்கி நெல் விளைத்தவர்களின் பிள்ளைகளுக்கு அக்கல்விச் சாலையில் இடமிருந்ததில்லை. அரசன் கொடுத்த மூன்று ஊர் அவர்களைச் சென்று சேரவில்லை. ஓர் அக்காள் கழற்றிக் கொடுத்த நகையோ ஒரு பாரிஸ்டரை உண்டாக்கிற்று. எது பெருங்கொடை என்பதை வரலாற்று ஆசிரியர்கள் முடிவு செய்யட்டும்.

பள்ளித் தேர்வொன்றில் பீமராவ் தேறியபோது, நம் சாதியில் இவ்வளவு தூரம் வந்த முதற் பிள்ளை என்று மகிழ்ந்து சமூகத்தார் பாராட்டுக் கூட்டம் நடத்த விரும்பினர். தந்தை ஒப்பவில்லை. பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்பது அவர் எண்ணம். ஏமாற்றமடைந்தவர்கள் விட்டுவிடவில்லை. இராம்ஜியின் நண்பரும் மராத்தி எழுத்தாளருமான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கரிடம் சென்று முறையிட்டனர். அவர் சொல்லித் தந்தை இசைந்தார், கூட்டம் நடந்தது. கேலுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைச் சிறுவனுக்குப் பரிசளித்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் அண்ணல் பௌத்தம் தழுவியதற்கான நெடும் பாதையில் அப்பரிசு முதற் படி. எழுதப் படிக்கத் தெரியாத எளிய மக்கள் பிடிவாதமாக நடத்திய ஒரு பாராட்டுக் கூட்டம் இல்லையேல் அந்நூல் அவர் கைக்கு எப்போது வந்திருக்குமோ! பிள்ளைகளைப் பாராட்டிப் பரிசளிக்கும் நம் ஆண்டு விழாவை வீண் செலவு என்பார் சிலர் உண்டு. அவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

1907 இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறினார். மேற்படிப்புக்கு இராம்ஜியின் கைப்பணம் போதாமற் போனபோது, கேலுஸ்கரே அவரைப் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் அழைத்துச் சென்றார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1912 இல் பி.ஏ. பட்டம் வந்தது.

இதற்கு முன்பே அவருக்கு மணம் முடிந்துவிட்டது. மணமகள் இரமாபாய். அவருடைய கதை இக்கட்டுரையின் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. தபோல் துறைமுகத்தில் மூட்டை சுமந்து பிழைத்த பிகு என்பவரின் மகள் அவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பின் தந்தையையும் இழந்தார். இரமா, தங்கை கௌரா, தம்பி சங்கர் ஆகிய சிறு பிள்ளைகளைச் சிற்றப்பனும் தாய்மாமனும் பம்பாய்க்கு அழைத்துவந்து, பைக்குல்லா சந்தைப் பகுதியில் தம்மோடு வைத்து வளர்த்தனர். அந்தச் சந்தையிலேயே, வணிகம் ஓய்ந்த இரவு நேரத்தில், திறந்த கொட்டகையில் பீமராவ் இரமாபாய் திருமணம் நடந்தது. தாயற்ற பிள்ளையும், தாய் தந்தை இருவரும் அற்ற பிள்ளையும் சந்தையின் தரையில் வாழ்வைத் தொடங்கினர்.

1913 ஆம் ஆண்டு சனவரியில் பரோடா அரசுப் பணியில் பீமராவ் சேர்ந்தார். சில நாள்களிலேயே தந்தை கடும் நோயுற்றதாகத் தந்தி வந்தது. விரைந்து புறப்பட்டவர், வழியில் சூரத் நிலையத்தில் தந்தைக்கு இனிப்பு வாங்க இறங்கினார், வண்டி போய்விட்டது. மறுநாள்தான் பம்பாய் சேர முடிந்தது. மகனுக்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த தந்தை, வந்த மகனைக் கண்ணால் கண்டு, கையால் தடவிவிட்டுப் பிரிந்தார். பிப்ரவரி 2 ஆம் நாள் அது. 21 வயதில் அவர் தந்தையும் அற்றவரானார். தந்தை சேர்த்துவைத்த செல்வம் எதுவுமில்லை. அதே ஆண்டு பரோடா மன்னரின் உதவித்தொகையோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பம்பாயில் இரமாபாயும் அண்ணன் குடும்பமும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு வறுமையில் நாள்களைத் தள்ளினர். பின்னர் இலண்டன் படிப்பைத் தொடரக் கோல்காப்பூர் சாகு மன்னரும், பார்சி நண்பர் நவல் பதேனாவும் உதவியதை இங்குச் சுட்டிச் செல்வது போதும்.

1923 இல் இலண்டனில் வெளிவந்த, ரூபாய்ச் சிக்கல் பற்றிய தம் ஆய்வு நூலைத் தாய் தந்தையரின் நினைவுக்கே அவர் காணிக்கையாக்கினார். ஐந்து வயதில் இழந்த தாய்க்குப் பொருளாதார நூலில் ஒரு பக்கம்.

இனி அண்ணல் என்ன செய்தார் என்பதே நமக்கு முதன்மையானது. தாம் பெற்ற உதவிகளுக்கெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டு அமர்ந்துவிடவில்லை. ஒரு மன்னரின் மனம் இரங்கியதாலும், ஒரு கேலுஸ்கர் தற்செயலாகக் கிடைத்ததாலும், ஓர் அக்காளிடம் நகை இருந்ததாலும் தாம் மேலே வந்ததை அவர் உணர்ந்திருந்தார். இம்மூன்றும் கிடைக்காத பிள்ளை என்ன செய்வது? அக்கேள்விக்கு விடையாக 1924 சூலை 20 ஆம் நாள் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தோற்றுவித்தார். அதன் முதற் பணிகளுள் ஒன்று, 1925 சனவரியில் சோலாப்பூரில் திறந்த மாணவர் விடுதி. உணவு, உடை, நூல் ஆகியவற்றை அமைப்பே பொறுப்பேற்றால், அடுப்பு மூட்டிப் புலாவு ஆக்கிவிட்டுப் பள்ளிக்கு ஓடும் நிலை இன்னொரு சிறுவனுக்கு வராது. 1928 இல் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் கல்விச் சங்கத்தைக் கண்டார். அதன் வழியாகப் பல ஊர்களில் விடுதிகள் எழுந்தன. 1945 சூலை 8 இல் மக்கள் கல்விக் கழகம். 1946 இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. 1950 இல் அவுரங்காபாதில் மிலிந்த் எனப் பெயர்பெற்ற கல்லூரி. சமூகத்தின் அன்பைப் பதிவு செய்யப்பட்ட சங்கமாகவும், கணக்கு எழுதும் அலுவலகமாகவும், பூட்டப்படாத விடுதியாகவும் அவர் மாற்றினார். அன்புக்குக் கணக்குப் புத்தகமா என்று வினவுவோர்க்கு விடை இதுதான்: கணக்கில்லாத அன்பு பதினாறாம் நாளோடு கலைந்துபோகும்.

தார்வாடு விடுதியைப் பற்றி ஒரு செய்தி வழங்கிவருகிறது. உடல்நலம் தேற அவ்வூரில் சில நாள் தங்கியிருந்த இரமாபாய், விடுதிப் பிள்ளைகளின் ஆரவாரம் ஓய்ந்திருப்பதைக் கண்டு காரணம் கேட்டார். அரசின் மானியம் வராததால் பிள்ளைகளுக்கு உணவில்லை என்று அறிந்ததும், உள்ளே சென்று தம் பொன் வளையல்களைக் கழற்றிவந்து, அடகு வைத்துப் பிள்ளைகளுக்குச் சோறிடுமாறு கொடுத்தார் என்பர். தாய் தந்தையற்றுப் பைக்குல்லாச் சந்தையில் வளர்ந்த பெண்ணுக்குப் பசித்த பிள்ளையின் அமைதி எத்தகையது என்பது தெரியும். தாம் பெற்ற ஐவருள் யஷ்வந்த் ஒருவரையன்றி நால்வரைப் பறிகொடுத்தவர் அவர். 1935 மே 27 ஆம் நாள் இரமாபாய் மறைந்தார். இறந்த அண்ணன் ஆனந்தராவின் மனைவி இலட்சுமிபாயும் மகன் முகுந்தராவும் இராஜகிருகத்தில் அண்ணலின் குடும்பமாகவே வாழ்ந்தனர். தனக்காகப் படிப்பை நிறுத்திய அண்ணனின் பிள்ளை தம் வீட்டிலேயே வளர்ந்ததைக் கடன் தீர்த்தல் என்று சொல்வது பொருந்தாது. அந்தக் குடும்பத்தில் யாரும் அவ்வாறு கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சதாராக் காலத்து நினைவுகளை அண்ணல் ஆங்கிலத்தில் ஒரு சிறு குறிப்பாக எழுதிவைத்திருந்தார். விசாவுக்காகக் காத்திருத்தல் என்பது அதன் தலைப்பு. நடக்க இயலாத அத்தையும், அண்டை வீட்டாரும், முடி வெட்டிய தமக்கையும், நான்கு சிறுவர்கள் ஆக்கிய புலாவும் அதில்தான் இடம்பெற்றுள்ளனர். 1956 டிசம்பர் 6 ஆம் நாள் அவர் மறைந்து முப்பதாண்டுக்கு மேல் அக்குறிப்பு தாளாகவே கிடந்தது. 1990 இல் அதைச் சிறு நூலாக அச்சிட்டு வெளியிட்டது, அவர் தோற்றுவித்த மக்கள் கல்விக் கழகம். தமிழிலும் அது கிடைக்கிறது. ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம்.